கையில் பத்து புள்ளிதான்... ஆனாலும் அத்தை ‘பாஸ்’ சொல்லவில்லை!

“சீட்டைத் தொட்டவன் உருப்பட மாட்டான்!”

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம் ஊரில் குறைவு. எங்கள் வீட்டில் அப்பா சொல்வார். அவருக்கு தாத்தா சொல்லியிருப்பார். ஆனால், 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு ஒரு தங்கப் பதக்கம் சீட்டாட்டத்தில் வந்தது. பிரிட்ஜ் ஆண்கள் இரட்டையர் பிரிவு. ஜெயித்தவர்கள் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 56. அடுத்து 2023-ல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் இந்திய ஆண்கள் அணி பிரிட்ஜில் வெள்ளி வாங்கியது.

ஜகார்த்தா செய்தி டி.வி-யில் ஓடியபோது, “சீட்டாடி தங்கமா?” என்று அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். அடுத்த நிமிடம் அவர் போன் அடித்தது. பெரம்பூரிலிருந்து அத்தை. “பாத்தியாடா தம்பி? முப்பது வருஷமா என்னைக் கிண்டல் பண்ணினியே!”

அத்தைக்கு இப்போது 64 வயது. வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதிய சாப்பாட்டு நேரத்தில் நாலாவது ஆள் வராத ஒருநாள், “நீ வந்து உட்காரும்மா” என்று யாரோ கூப்பிட, அன்றைக்குப் பிடித்த பிரிட்ஜ் இன்னும் விடவில்லை. அவரோடு பல வருடம் ஜோடியாக ஆடிய தோழி, மகனோடு இருக்க புனேவுக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில்தான் ஒன்றரை வருடமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். வாரம் முழுக்க டிஜிட்டல் டெஸ்க், சனிக்கிழமை மாலை அத்தையோடு பிரிட்ஜ்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சீட்டு இறக்குவது அல்ல. அதற்கு முன்னால் வரும் ஒரு கேள்விதான். ‘இந்தக் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கலாமா, பாஸ் சொல்லிவிடலாமா?’

கட் ஆஃப் மார்க் மாதிரி ஒரு கணக்கு

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நான்கு பேர். எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. திண்ணையில் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்போமே, அதே நான்கு ஜாதிதான். கிளப்பில் ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்கிறார்கள். நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட்டால் ஒரு பிடி. மொத்தம் 13 பிடி.

ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். ‘இந்த ஜாதி துருப்பாக இருந்தால், நாங்கள் இத்தனை பிடி எடுப்போம்’ என்று சொல்ல வேண்டும். ‘ஒன் ஸ்பேட்’ என்றால், ஸ்பேட் துருப்பு, ஏழு பிடி எடுக்கிறோம் என்று அர்த்தம். முதலில் இப்படி ஏலத்தைத் தொடங்குவதுதான் ஓப்பனிங். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் பாஸ். பார்ட்னரின் சீட்டு நமக்குத் தெரியாது. கண் ஜாடை, இருமல், செருமல் எதுவும் கூடாது. ஏலத்தில் சொல்லும் வார்த்தைகள் மட்டும்தான் இருவருக்கும் இடையில் ஓடும் பேச்சு.

கையை எடை போட ஒரு எளிய கணக்கு உண்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஒரு கட்டில் மொத்தம் 40 புள்ளி. நாலு பேருக்குப் பிரித்தால் சராசரி ஆளுக்கு 10. மில்டன் வொர்க் என்ற அமெரிக்கர் பெயரில் வழங்கும் கணக்கு இது. சார்லஸ் கோரன் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 12, 13 புள்ளி இருந்தால் ஓப்பன், இல்லையென்றால் பாஸ். பிளஸ் டூ கட் ஆஃப் மாதிரி கறாரான கோடு.

மதிப்பெண்ணை வைத்தே ஆளை அளக்கும் ஊரில், இன்ஜினீயரிங் போகாமல் ஜர்னலிசம் டிப்ளமோ படித்தவள் நான். அதனாலோ என்னவோ, அந்தக் கோட்டைத் தாண்டி யோசிக்க ஒரு வழி இருக்கிறது என்று அத்தை சொன்னபோது காதைத் தீட்டிக்கொண்டேன்.

புள்ளி இல்லை... வடிவம் இருக்கிறது!

13 சீட்டு ஒருவர் கைக்கு வரக்கூடிய விதங்கள் 63,501 கோடிக்கும் மேல். இவற்றில் அதிகம் வருவது 4-4-3-2 வடிவம். ஒரு ஜாதியில் நாலு, இன்னொன்றில் நாலு, மூன்று, இரண்டு என்று சமமாகப் பரவிய கை. நூறில் 21, 22 தடவை இதுதான். ஆனால் சில நேரம் 5-5-2-1 என்று கோணலாக வரும். நூறில் மூன்று தடவை போல. இரண்டு ஜாதியில் ஐந்து ஐந்து சீட்டு, மற்ற இரண்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இந்தக் கோணல் கைக்கு ஒரு ரகசிய பலம் உண்டு. ஒரு ஜாதியில் உங்களிடம் ஒரே ஒரு சீட்டு என்று வையுங்கள். எதிரி ஏஸைப் போட்டு ஒரு பிடி எடுப்பார். அடுத்து அதே ஜாதியில் ராஜாவைப் போட்டால், உங்களிடம் அந்த ஜாதியே இல்லை. சின்னத் துருப்பு, இரண்டோ மூன்றோ, அதைப் போட்டு ராஜாவை வெட்டிவிடலாம். எதிரியின் மூன்று புள்ளி அங்கேயே காலி. இல்லாமையே பலமாகிவிடும் இடம் அது.

இதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் மார்ட்டி பெர்கன் பிரபலமாக்கிய கணக்கு ‘ரூல் ஆஃப் ட்வென்டி’. கையில் உள்ள புள்ளியோடு, நீளமான இரண்டு ஜாதிகளின் சீட்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 20 வந்தால் ஓப்பன் பண்ணலாம். 10 புள்ளி, 5-5 வடிவம் என்றால் 10 + 5 + 5 = 20. திறக்கலாம். ஆனால், 12 புள்ளி இருந்தும் 4-3-3-3 என்று தட்டையான கை வந்தால் 12 + 4 + 3 = 19. இந்தக் கணக்குப்படி அது பாஸ்! முதல் முறை கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தை அதோடு விடவில்லை. டைனிங் டேபிளில் இரண்டு கைகளைப் பரப்பிவைத்தார்.

முதல் கை: ஸ்பேடில் ஏஸ், ராணி, 10, 7, 4. ஹார்டில் ஏஸ், 10, 9, 8, 3. டைமண்டில் 6, 2. கிளப்பில் 5 மட்டும்.

இரண்டாவது கை: ஸ்பேடில் ராணி, 8, 6, 4, 2. ஹார்டில் ஜாக்கி, 7, 5, 4, 3. டைமண்டில் ராஜா, ராணி. கிளப்பில் ராணி மட்டும்.

“எண்ணிப் பாரு.”

எண்ணினேன். இரண்டுக்கும் 10 புள்ளி. இரண்டும் 5-5-2-1. இரண்டுக்கும் கூட்டல் 20.

“முதல் கையை நான் கண்ண மூடிட்டு ஓப்பன் பண்ணுவேன். ரெண்டாவதுல வாயே திறக்க மாட்டேன். ஏன் சொல்லு?”

காரணம் எளிது. முதல் கையில் புள்ளியெல்லாம் நீளமான ஜாதிகளில் இருக்கிறது. ஏஸுகள் பின்னால் நிற்கும் சின்னச் சீட்டுகளையும் தூக்கிவிடும். இரண்டாவது கையில் பத்தில் ஏழு புள்ளி, குட்டையான ஜாதிகளில் சிக்கிக் கிடக்கிறது. கிளப்பில் தனியாக நிற்கும் ராணி, எதிரி ஏஸைப் போட்ட அடுத்த நொடி போய்ச் சேர்ந்துவிடும். நீளமான ஜாதிகளிலோ தலைவனே இல்லை.

“கணக்கு கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போகும்டி. உள்ள போலாமா வேணாமான்னு நீதான் பாக்கணும்” என்றார் அத்தை.

முதலில் பேசுவது மலிவு

‘சந்தேகமாக இருந்தால் பாஸ் சொல்லிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே?’ எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. பிரச்னை என்னவென்றால், ஏலம் உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் பாஸ் சொன்னால் எதிரி பேசுவார், அவருடைய பார்ட்னர் ஏற்றுவார். உங்கள் முறை திரும்பி வரும்போது எட்டு பிடி, ஒன்பது பிடி என்று விலை ஏறியிருக்கும். உங்களிடம் இரண்டு நீளமான ஜாதிகள் இருப்பதைச் சொல்ல இடமே இருக்காது. ஏழு பிடி விலையில் ‘ஒன் ஸ்பேட்’ என்று ஆரம்பித்திருந்தால், அடுத்த சுற்றில் ஹார்டையும் சொல்லியிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை மேலே சொன்ன முதல் கை அப்படியே எனக்கு வந்தது என்றால் நம்புவீர்களா? அச்சு அசல் இல்லை. கிளப்பில் 5-க்குப் பதில் 9. ‘ஒன் ஸ்பேட்’ என்றேன். அத்தையிடம் நாலு ஸ்பேட், 11 புள்ளி. அவர் ‘த்ரீ ஸ்பேட்’ என்று ஏற்ற, நான் ‘ஃபோர் ஸ்பேட்’ என்று முடித்தேன். பத்து பிடி எடுத்தாக வேண்டும். எங்கள் இருவரிடமும் சேர்த்து 21 புள்ளிதான். வழக்கமாக இதற்கு 25, 26 தேவை என்பார்கள். பத்து பிடி வந்தது. எதிரி எடுத்தது மூன்று.

அதே சீட்டு மற்ற மேஜைகளுக்கும் போகும் என்பதுதான் இந்தப் போட்டிகளின் அழகு. டூப்ளிகேட் பிரிட்ஜ் என்று பெயர். ஒரே கைகளை எல்லா மேஜையிலும் ஆடுவார்கள். உங்கள் சீட்டு மோசமாக இருந்தால், அங்கே உட்கார்ந்த எல்லோருக்கும் மோசம்தான். ‘எனக்கு வந்த கை சரியில்லை’ என்று யாரும் புலம்ப முடியாது. வந்த கையை என்ன செய்தீர்கள் என்பதற்குத்தான் மார்க்.

ஆனால், வடிவம் எப்போதும் காப்பாற்றாது. பார்ட்னருக்கும் அதே ஜாதி கொஞ்சம் இருந்தால்தான் பலம். பொருத்தம் வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரு ஜாதியில் எட்டு சீட்டாவது இருந்தால் நல்ல பொருத்தம். உங்களுக்கு நீளமான இடத்தில் பார்ட்னருக்கு ஒன்றுமில்லை, அவருக்கு நீளமான இடத்தில் உங்களுக்கு ஒன்றுமில்லை என்றால், கோணல் கை தலைவலி. பல வருடம் முன்பு அத்தை 10 புள்ளியில் ஓப்பன் பண்ண, தோழியிடம் 13 புள்ளி. இருவரும் சேர்ந்து 26 இருப்பதாக நினைத்து தோழி மேலே மேலே ஏற்றியிருக்கிறார். எதிரி டபுள். மூன்று பிடி குறைவு. அந்த நிலையில் 800 பாயின்ட் நஷ்டம்.

“அன்னிக்கு அவ என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. ‘நீ கம்மியா வெச்சுக்கிட்டு ஓப்பன் பண்ணுவேன்னு எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?’”

பிரிட்ஜில் இதுதான் ஆதாரம். 10 புள்ளியில் திறப்பது தப்பே இல்லை. ஆனால் உங்கள் பாணி அதுதான் என்று பார்ட்னருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்ட்னருக்கு மட்டுமல்ல, எதிரி கேட்டால் அவருக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது விதி. குறைவாக வைத்துக்கொண்டு பேசலாம். குறைவாக வைத்திருப்பதை மறைத்துப் பேசக் கூடாது.

அத்தையின் கை

மூன்று வருடங்களுக்கு முன் மாமா இறந்துபோனார். அதிலிருந்து அத்தை பெரம்பூர் வீட்டில் தனியாக இருக்கிறார். அத்தான் கோயம்புத்தூரில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறார். கடந்த ஆகஸ்டில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒரு பட்டியல் போட்டார். அம்மாவுக்கு வயது 64. சர்க்கரை இருக்கிறது. இடது முழங்கால் தேய்மானம். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. ராத்திரியில் கூட ஆள் இல்லை. ‘இனி அம்மா எங்களோடு வந்துவிடட்டும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்.’

அதில் எதுவுமே தப்பில்லை. ஒவ்வொரு வரியிலும் அக்கறை இருந்தது. “மாப்ளே சொல்றது சரிதான்” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, “நீ சொன்னா அக்கா கேப்பா. சனிக்கிழமை போறப்ப பேசு” என்றார்.

போனேன். பேசவில்லை, கேட்டேன். “அத்தை, அத்தான் போட்ட லிஸ்ட் பாத்தீங்களா?”

“பாத்தேன். எல்லாம் சரியாத்தான் எண்ணியிருக்கான். பத்து புள்ளிகூட தேறாது” என்று சிரித்தார். “ஆனா வடிவம் எண்ணலயே.”

அவரே எண்ணிக் காட்டினார். அந்தத் தெருவில் 27 வருடம். கீழ் வீட்டில் சாவி இருக்கிறது, அந்தக் குடும்பம் காலையில் பால் பாக்கெட்டோடு ஒரு குரலும் கொடுக்கும். மருந்துக் கடையில் போன் பண்ணினால் பையன் மாடி ஏறி வருவான். பிரஷர் பார்க்க தெருக்கோடி கிளினிக். சனிக்கிழமை கிளப். இதெல்லாம் நீளமான ஜாதி. “அப்புறம் இல்லாத ஜாதியையும் எண்ணணும்ல? கடன், இல்ல. வாடகை, இல்ல. இன்னிக்கு என்ன குழம்புன்னு கேக்க ஆளு, இல்ல!”

சிரித்தேன். ஆனால் இரண்டாவது கை ஞாபகம் வந்தது. தனியாக நிற்கும் கிளப் ராணி.

“அத்தை, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அத்தை சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். போன மார்கழியில் விடியற்காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை. ஆனால் எழுந்துகொள்ள முடியாமல் முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். போன் படுக்கையறையில். பால் பாக்கெட் குரல் வர இன்னும் நேரம் இருந்தது. குழாயைப் பிடித்து எப்படியோ எழுந்துவிட்டார். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தான் குரூப்பில் போட்ட பட்டியலில் இது இல்லை. அவருக்குத் தெரிந்தால்தானே இருக்கும்?

“சொன்னா அன்னிக்கே டிக்கெட் போட்டுருப்பான்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவரே போனை எடுத்தார். “பத்தை வெச்சுக்கிட்டு பன்னெண்டுன்னு சொல்லிட்டிருக்கேன். அது ஆட்டம் இல்ல” என்றபடி கோயம்புத்தூருக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

முழுவதும் கேட்ட பிறகு, மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஏம்மா சொல்லல?” என்றார் அத்தான். குரல் உடைந்திருந்தது. கோபமும் இருந்தது. அத்தை சாக்கு எதுவும் சொல்லவில்லை. “தப்புதான்டா. இப்ப முழுசா சொல்லிட்டேன். இனிமே நீ சொல்லு.”

அதன் பிறகு நடந்ததை ஏலம் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தான் கேட்டார், அத்தை பதில் சொன்னார், இவர் ஒரு படி ஏறினார், அவர் ஒரு படி இறங்கினார். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைவிரிப்பு. போனைக் கயிற்றில் கோத்து பாத்ரூமுக்கும் கொண்டுபோவது. காலை எட்டு மணிக்குள் மகனுக்கு ஒரு மெசேஜ். வராவிட்டால் அவர் கீழ் வீட்டுக்கு போன் செய்வார், அவர்கள் சாவி போட்டுத் திறந்து பார்ப்பார்கள். இப்படி ஆறு மாதம். இன்னொரு முறை விழுந்தால், சின்னதோ பெரியதோ, அன்றைக்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட வேண்டும். கடைசி நிபந்தனைக்கு அத்தை உடனே பதில் சொல்லவில்லை. பிறகு “சரி” என்றார்.

“என்னம்மா பேசின?” என்று இரவு அப்பா கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அரை மனதுதான். “தைரியம்னு நினைக்கிறீங்க, எனக்கு பயமா இருக்கு” என்றார். அவர் பயத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பார்ட்னர் கையில் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரியாமல்தான் எல்லோரும் ஏலம் கேட்கிறோம்.

வயதான அம்மா, அப்பா தனியாக இருக்கும் வீடுகள் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். தனியாகவே இருக்கட்டும் என்றோ, கூட்டிவந்துவிடுங்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. வயது, நோய், மாடிப்படி என்று எண்ணும்போது, தெரு, பழக்கம், சனிக்கிழமை மாலை இவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு, அந்தப் பலம் ராத்திரி இரண்டு மணிக்கும் கைகொடுக்கிற இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, அவர்கள் உங்களிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். சொன்ன மறுநிமிடமே டிக்கெட் போடுகிறவரிடம் யாரும் வழுக்கி விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது மூன்றாவது மாதம் ஓடுகிறது. கம்பி மாட்டியாகிவிட்டது. எட்டு மணி மெசேஜ் இரண்டு நாள் மட்டும் தாமதமானது. இரண்டு நாளும் கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, பூஜை அறையில் இருந்த அத்தையிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தான் இப்போது மாதம் ஒருமுறை சென்னை வருகிறார். போன முறை வந்தபோது, நாலாவது ஆள் கிடைக்காமல் தடுமாறிய எங்கள் மேஜையில் அவரைப் பிடித்து உட்காரவைத்தோம். முதல் கையில் 12 புள்ளி, தட்டையான 4-3-3-3. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ‘பாஸ்’ என்றார்.

“பரவால்லயே, கத்துக்கிட்டான்” என்றார் அத்தை.